திரையிற் கணிப்பொறி: நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லிய 99 பூக்களையும் இன்ன இன்ன என உறுதி செய்தற்கு உரையாசிரியர் காலந்தொட்டு அறிஞர் முயன்று வந்துள்ளனர். நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். பிற்காலத்தே நிலைத்திணை நூல் வல்லார் காடும் மலையும் திரிந்து கண்டு எழுதினர். பூவின் பெயரறிந்தால்தான் பாட்டின் சுவை விளங்குமோ என்று வினவுவார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். ஆயினும் தலைவியும் தோழியும் பாறையிற் குவித்த பூ எந்நிலத்தது, எப்பருவத்தது என்பது தெளிந்தவிடத்துப் பாட்டு ஒருபடி ஆழ்கின்றது என்பதை ஆழ்ந்து கற்றோர் அறிவர்.

இவ்வாறு பொருளை அடையாளங்காணும் பணி இக்காலத்தே புதியதொரு களத்தில் நடைபெறுகின்றது. திரைப்படத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும் தோன்றும் கணிப்பொறி எந்நிறுவனத்தது, எவ்வாண்டினது, அதன்மேல் ஓடும் இயக்க முறைமை யாது என்று காட்சியை நிறுத்தி நிறுத்திக் கண்டு பட்டியல் வகுப்போர் மேனாட்டிற் பலராயினர். இதனை வேலையற்றார் விளையாட்டு என ஒதுக்குதல் எளிது. நாம் இதனை உரைப்பணியின் ஒரு கிளையாகவே கருதுகின்றோம். அதன் பயன் யாது, எல்லை யாது, தமிழ்த் திரைப்படங்களை அவ்வழி நோக்குங்கால் புலப்படுவது யாது என்பவை ஈண்டு ஆராயப்பெறும்.

ஆராய்ச்சிக்கு வேண்டும் அளவுகோல் நம் இலக்கணத்திலேயே உண்டு. அகப்பாடல் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் தழுவி அமையும் என்பது தொல்காப்பியர் கருத்து. சுவை தருவனவற்றை எல்லாம் ஓரிடத்தே நிகழ்ந்தனவாகக் கூட்டிக் காட்டுதல் நாடக வழக்கு எனவும், உலகத்தார் ஒழுகலாற்றோடு ஒத்து வருதல் உலகியல் வழக்கு எனவும் இளம்பூரணர் உரைவழி நாம் கொள்ளலாம். திரையில் வரும் கணிப்பொறியோ பூட்டைத் திறக்கும்; வானூர்தியை வீழ்த்தும்; மங்கிய நிழற்படத்தைத் தெளிவாக்கும்; விரல் பட்ட அளவிலே பகைவன் முகவரியைச் சொல்லும். எல்லாம் ஓரிடத்தே கூடும் இதனினும் பொருத்தமான நாடக வழக்கு வேறு காட்டல் அரிது. இவ்வழக்கினுள் உலகியல் எங்கே புகுகின்றது, புகுந்து என் செய்கின்றது என்பதே வினா.

இதற்கு மிக அணுக்கமான முன்மாதிரி திருவில்லிபுத்தூரிற் கிடைக்கின்றது. ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரம் ஒன்றில் வெள்ளி தோன்றியதும் வியாழன் மறைந்ததும் குறிக்கப்பெறுகின்றன. அதனை விடியலைச் சுட்டும் வழக்குத் தொடராகக் கொண்டு செல்வார் பலர். மு. இராகவையங்கார் அதனை மெய்யான வானக்காட்சி எனக் கொண்டு, கணித நூலின் துணையால் கி.பி. 731 என ஆண்டு வரையறுத்தார். அதே குறிப்பைக்கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டு எனத் துணிந்தோரும் உளர். அக்கோள்கள் அங்ஙனம் நிற்கும் வைகறை ஊழிக்கு ஒருமுறை மட்டும் வருவதன்று. ஆகவே குறிப்பு ஒன்றேயாயினும் முடிவு பலவாயிற்று. நூலினுள் உள்ள மெய்ப்பொருளைக் கண்டறிதல் எத்துணைப் பயனுடையது, அதனையே நம்பித் தனித்து நிற்றல் எத்துணை இடருடையது என்னும் இரண்டையும் இவ்வொரு வழக்கே காட்டும்.

திரைப்படம் வெளிவந்த ஆண்டு யாவரும் அறிந்தது. அதற்குக் கால ஆராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுதும். ஒரு படத்தினுள் மூவேறு காலம் உண்டு. கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் காலம் ஒன்று. படம் எடுக்கப்பெற்ற காலம் ஒன்று. அதில் வரும் கருவி பிறந்த காலம் ஒன்று. இம்மூன்றும் ஒத்து நிற்குமிடத்து ஆராய்ச்சிக்கு வேலை குறைவு. ஒவ்வாது நிற்குமிடத்தே பொருள் பிறக்கின்றது.

1983ஆம் ஆண்டு வெளிவந்த ‘வார்கேம்ஸ்’ என்னும் அமெரிக்கப் படத்திற் பள்ளி மாணவன் ஒருவன் தன் அறையில் இருந்துகொண்டே தொலைபேசி வழியாக நாட்டின் படைக் கணிப்பொறியுள் நுழைந்து விடுகின்றான். அவன் மேசைமேல் இருப்பது இம்சாய் 8080. அது 1975ஆம் ஆண்டளவில், வாங்குவோரே கூட்டிப் பொருத்திக் கொள்ளும் உறுப்புத் தொகுதியாகவும் விற்கப்பெற்ற பொறி. 1983இல் அதனினும் புதியன கடைகளில் நிறைந்திருந்தன. ஆகவே பழம்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு தானே பழகித் தேர்ந்தவன் இவன் என்பது உரையாடல் இன்றியே உணர்த்தப்படுகின்றது. பொறியை அறியாதார்க்கு இப்பொருள் இல்லை, அறிந்தார்க்கு உண்டு. குறிப்புப்பொருள் என நம்மவர் கூறுவது இதனையே. இப்படத்தின் உலகியல் வழக்கு திரைக்கு வெளியேயும் சென்றது. அதனைக் கண்ட குடியரசுத் தலைவர் ரீகன் இவ்வாறு நிகழக்கூடுமா எனத் தம் படைத்தலைவரை வினவினார் என்பதும், அவ்வினாவின் தொடர்ச்சியாக 1984ஆம் ஆண்டு கணிப்பொறிப் பாதுகாப்புக் குறித்து அரசாணை ஒன்று பிறந்தது என்பதும் வரலாறு.

‘தி டெர்மினேட்டர்’ (1984) இதற்கு மறுதலை. கொலைத்தொழில் புரியும் இயந்திர மனிதன் 2029ஆம் ஆண்டிலிருந்து வருகின்றான். அவன் கண்வழியே உலகைக் காட்டுங்கால் செந்நிறத் திரையில் எழுத்தும் எண்ணும் ஓடுகின்றன. அவை 6502 என்னும் சில்லுக்கு உரிய நிரல் வரிகள். ஆப்பிள் கணிப்பொறி விரும்பிகள் படித்த ‘நிபுள்’ என்னும் இதழில் அச்சானவை. இடையிடையே வணிகக் கணக்குக்குப் பயன்படும் கோபால் மொழியின் வரிகளும் உண்டு. உலகையழிக்க வந்தவன் வீட்டுப்பொறியின் மொழியிலும் சம்பளப் பட்டியலின் மொழியிலும் எண்ணுகின்றான் என்று நகைத்தோர் பலர். நகைப்பு நியாயமே. எனினும் ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்து வந்துழி, வந்த நிலத்தின் பயனாகக் கொள்க என்னும் கருத்துத் தொல்காப்பியத்தில் உண்மையின், அவ்வரிகளையும் கதை நிலத்துக்கு உரியனவாக ஏற்றல் முறை. 1984இல் அமர்ந்து கண்டோர்க்குப் புரியாத எழுத்து விரைந்தோடுதலே வேண்டப்பட்ட பயன், அப்பயன் நிறைவேறியது.

கருப்பொருள் மயக்கத்துக்கு இதனினும் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க வான்காப்புக்காக ஐ.பி.எம். நிறுவனம் செய்தளித்த ஏ.என்./எஃப்.எஸ்.கியூ-7 என்னும் பெரும்பொறி 1958 முதல் பணியில் இருந்தது. ஒன்றன் எடை ஏறத்தாழ 250 டன். உள்ளே பல்லாயிரம் வெற்றிடக் குழல்கள். அப்பொறிகள் பணியினின்று நீங்கியபின் அவற்றின் விளக்குப் பலகைகள் திரைப்பட நிலையங்களுக்கு வந்து சேர்ந்தன. ‘தி டைம் டன்னல்’, ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ ஆகிய தொடர்களிலும், ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ (1974) போன்ற படங்களிலும் அப்பலகைகளே மீண்டும் மீண்டும் ஒளிர்கின்றன. ஓரிடத்து அது காலப் பயணப் பொறி, ஓரிடத்து விண்கலம், ஓரிடத்து வானளாவிய கட்டடத்தின் காவற்பொறி. நம் நாடகக் குழுவினர் ஒரே சிங்காசனத்தை அரிச்சந்திரனுக்கும் இராவணனுக்கும் இட்டது போன்றது இது. போர்க்காலத்து விழிப்பிற்கு உறுப்பாக இருந்த விளக்குகள் வெறும் அறிவுக்குறியாக மின்னி நின்றன என்பது அறிந்தோர்க்கு அக்காட்சி வேறாகத் தோன்றும்.

இனிப் பாட ஆராய்ச்சிக்கு ஒப்பானதொரு வழக்கு. ‘ஜுராசிக் பார்க்’ (1993) படத்தில் சிறுமி ஒருத்தி திரையில் முப்பரிமாணக் கட்டங்களாக நிற்கும் கோப்புகளின் மேலே பறப்பதுபோற் சென்று வேண்டியதைத் தேடுகின்றாள். இது யுனிக்ஸ் முறைமை, எனக்குத் தெரியும் என்ற கருத்துப்படப் பேசுகின்றாள். கணிப்பொறியறிந்தோர் பலர் இதனைப் படத்தார் கட்டிய பொய் என்று இகழ்ந்தனர். உண்மை அதுவன்று. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் ஐரிக்ஸ் என்னும் முறைமை யுனிக்ஸ் வழியினது. அதில் கோப்புகளை அவ்வாறு காட்டும் ‘எஃப்.எஸ்.என்.’ என்னும் நிரல் மெய்யாகவே இருந்தது. ஏடு பார்த்துப் பதிப்பிப்போர் தமக்கு விளங்காத பாடத்தைப் பிழையென நீக்கி எளிய பாடத்தை இட்டுவிடுதல் உண்டு. அரிய பாடமே மூலப்பாடமாதல் பெரும்பான்மை என்பதைப் பதிப்பாசிரியர் நன்கறிவர். பொய்போல் தோன்றுவதைப் பொய்யெனத் துணியுமுன் அது எங்கேனும் உண்டோ எனத் தேடுதல் திரை ஆராய்வார்க்கும் கடன்.

மெய்ம்மை முழுதும் நிறைந்த காட்சியும் இல்லாமலில்லை. ‘தி மேட்ரிக்ஸ் ரீலோடட்’ (2003) படத்தில் ட்ரினிட்டி என்பாள் மின்நிலையக் கணிப்பொறியுள் புகுங்கால், வலையமைப்பை ஆராய்வார் நாளும் கையாளும் ‘என்மேப்’ என்னும் கருவியைக்கொண்டு திறந்த வாயிலைக் காண்கின்றாள், பின் எஸ்.எஸ்.எச். என்னும் தொடர்பு முறையில் 2001ஆம் ஆண்டு வெளிப்பட்ட மெய்யானதொரு குறையைப் பயன்படுத்துகின்றாள். காட்சி சில நொடியே. விளக்கவுரை இல்லை, மின்னும் மண்டையோடு இல்லை. தண்டியாசிரியர் தன்மையணி என்று கூறியது இவ்வாறு உள்ளதை உள்ளவாறு சொல்லி அழகு செய்தலையே. ‘மிஸ்டர் ரோபோ’ (2015) தொடரும் இந்நெறியதே. அத்தொடரில் இருவர் லினக்ஸ் முறைமையின் முகப்புகளுள் எது சிறந்தது என்று உரையாடுவது, இருவர் தம் ஊர்ச் சிறப்பைச் சொல்லி உறவு கொண்டாடுவது போல் அமைந்து, பேசுவோர் குணத்தைக் காட்டிவிடுகின்றது.

இங்கே ஓர் ஐயம் எழும். அப்பொறியை அவ்விடத்து வைத்தவர் யார்? இயக்குநரா, அரங்கம் அமைத்தவரா, பொருள் விற்கும் நிறுவனமா? ‘இண்டிபெண்டன்ஸ் டே’ (1996) படத்தில் வேற்றுலகத்தார் கலத்தை வீழ்த்துவது ஆப்பிள் பவர்புக் மடிக்கணிப்பொறி. வேற்றுலகத்தார் பொறிக்கு நம் பொறியின் நோய் எங்ஙனம் தொற்றியது என்று வினவாதார் இலர். 2020ஆம் ஆண்டில் ‘நைவ்ஸ் அவுட்’ படத்தின் இயக்குநர் ரையன் ஜான்சன், ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியைத் திரையில் தீயோர் கையிற் காட்ட இசைவதில்லை என்ற செய்தியை வெளியிட்டார். அவ்வாறாயின் கொலையாளி யார் என்று ஆராயும் கதையில் கைப்பேசியைப் பார்த்தே காண்போன் விடை அறிந்துவிடலாம். உள்ளுறையைப் புலவன் வைத்தல் மரபு. வணிகன் வைக்கும் உள்ளுறை நம் இலக்கணத்தார் காணாதது. ஆசிரியன் கருத்து இது என்று எளிதிற் கூறுதல் திரையாய்வில் தகாது என்பதற்கு இஃதொன்று போதும்.

இனித் தமிழ்த் திரைக்கு வருவோம். இத்துறையில் முதற்கண் வைத்து எண்ணத் தக்கது ‘விக்ரம்’ (1986). இராசசேகர் இயக்கிய அப்படத்தின் கதையிலும் உரையாடலிலும் கைவைத்தவர் சுஜாதா. அவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்திற் பங்கு கொண்டவர். அக்னிபுத்ரன் என்னும் ஏவுகணை கடத்தப்படுகின்றது. அதனைச் செயலறச் செய்யக் கணிப்பொறி கற்ற பெண் ஒருத்தி கதைத்தலைவனோடு சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்குச் செல்கின்றாள். ‘ஏன்? எதற்கு? எப்படி?’ போன்ற தம் கட்டுரைகளில் அறிவியலைத் தெளிவாக விளக்கிய அதே ஆசிரியர், திரையில் கணிப்பொறியை எலிகளைத் தொழும் நாட்டின் இடையே கொண்டுபோய் வைத்தார். அறியாமையால் விளைந்த நாடக வழக்கு வேறு. அறிந்தே மேற்கொண்ட நாடக வழக்கு வேறு. இவ்வேறுபாட்டைக் காணாது ‘விக்ரம்’ படத்தைக் குறை கூறுவார் ஒரு பக்கத்தையே காண்கின்றனர்.

அந்நாடக வழக்கு யாரை நோக்கியது என்பதை ஓர் ஊரைக்கொண்டு அளந்து காண்போம். திருவில்லிபுத்தூர்க்கும் வத்திராயிருப்புக்கும் அணித்தாய், மேற்கே மலை தோன்ற நிற்பது சுந்தரபாண்டியம். உழவும் நெசவும் உடைய ஊர். (ஜக்கார்டுத் தறியின் துளையட்டையே கணிப்பொறியின் துளையட்டைக்கு மூத்தது என்பதை நெசவறிந்தார்க்கு நினைவூட்டல் மிகையன்று.) 1986இல் இவ்வட்டாரத்துக் கொட்டகையில் ‘விக்ரம்’ கண்டவனுக்குக் கணிப்பொறி என்பது கேள்விப்பொருள். பக்கத்துக் கிருட்டிணன்கோயிலில் கலசலிங்கம் பொறியியற் கல்லூரி 1984ஆம் ஆண்டில்தான் தொடங்கியிருந்தது. திரை காட்டியதே அவனுக்குக் கணிப்பொறி. அளந்து பார்க்க உலகியல் அவன் கையில் இல்லை. பின் இராசபாளையத்து இராம்கோ குழுமம் 1992இல் மென்பொருள் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று கண்டது. அதுவே பின்னர் இராம்கோ சிஸ்டம்ஸ் எனத் தனி நிறுவனமாயிற்று. நூலும் சிமெண்டும் விற்ற ஊரின் பெயர் மென்பொருளிலும் வழங்கியது. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியபோது, கேள்விப்பொருளாய் இருந்தது சிற்றூர் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது.

இருபத்தைந்து ஆண்டிற் காண்போன் மாறினான். நம் திரைக் கணிப்பொறி அவ்வளவு மாறவில்லை என்பதே நாம் சொல்ல விழைவது. நாடக வழக்கு காண்போன் உடன்பட்ட அளவே வழக்கு. அவன் உலகியல் அறிந்தபின் அதுவே வழுவாய்விடும். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்பதைக் கேட்போர் உடன்பாட்டால் ஏற்கின்றோம். ஆனால் பசு முட்டையிட்டது என்று பாடினால் உழவர் ஏற்பாரா? சுந்தரபாண்டியத்து மாணவன் தன் பொறியில் நாளும் காணும் சாளரத்தையும் சுட்டியையும் அறிந்தவன். திரையிலோ சுட்டியைத் தொடாமலே விசையை ஓயாது தட்டி, பெரிய எழுத்தில் ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் ஒளிரும் பொறியையே பல படங்கள் இன்றும் காட்டுகின்றன. அவன் பசுவின் முட்டையைக் காண்கின்றான்.

சங்கர் இயக்கிய படங்கள் இவ்வகையில் தனியே ஆராயத் தக்கன. ‘சிவாஜி’ (2007) கதைத்தலைவனின் மடிக்கணிப்பொறி அவன் குரலையே திறவுகோலாகக் கொண்டது; அயலார் திறக்க முயன்றால் உள்ளதெல்லாம் அழிந்துபடும். குரலால் ஆளை அறிதல் மெய்யான துறை; எனவே இங்கு உலகியல் வித்து, நாடகம் மரம். ‘எந்திரன்’ (2010) இன்னும் நுட்பமானது. சுஜாதா 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். படத்தின் உரையாடலில் அவரோடு இயக்குநரும், கணிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற மதன் கார்க்கியும் பங்கு கொண்டனர். சிட்டி என்னும் எந்திரன் தன்னை அறிமுகம் செய்யுங்கால் தன் விரைவு 1 டெராஹெர்ட்ஸ் எனவும், நினைவு 1 ஜெட்டாபைட் எனவும் கூறுகின்றான். அக்காலத்து மேசைக் கணிப்பொறியின் விரைவு ஏறத்தாழ 3 கிகாஹெர்ட்ஸ்; ஆகவே சிட்டியின் விரைவு அதனினும் முந்நூறு மடங்கு மிகும். ஒரு ஜெட்டாபைட் என்பது 100 கோடி டெராபைட். இவை மிகைதாம். ஆனால் அலகு பொய்யன்று, தொகையே மிகை. கணிப்பொறி கற்றவன் எழுதிய மிகைக்கும் கல்லாதவன் எழுதிய மிகைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மலையைத் தோளோடு ஒப்பிடும் புலவன் மலையின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். அதிசய அணி இவ்வாறு வேர் உலகியலில் ஊன்றி நின்றால் அணியாகும், இன்றேல் பிதற்றலாகும். இவ்வளவில் ‘எந்திரன்’ படத்தை நாம் பாராட்டத் தயங்கோம்.

அதே படத்திற் பின்னர்ச் சிட்டிக்குள் செந்நிறச் சில்லு ஒன்று பொருத்தப்பட்டதும் அவன் தீயோனாகின்றான். எடுத்ததும் தீமை நீங்குகின்றது. பொறியின் செயல் நிரலால் அமைவது, நிறத்தால் அன்று. பேய்பிடித்தலும் பேயோட்டலும் ஆகிய பழங்கதையே சில்லு வடிவில் வருகின்றது. தொடக்கத்தில் அலகைப் பிழையாமற் கூறிய ஆசிரியர்கள் முடிவில் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டனர். பொதுமக்கள் கண்ணுக்கு எளிதிற் புலப்பட வேண்டும் என்பது விடையாயின், கண்ணுக்குப் புலப்படாத குணமாற்றத்தை நம் நடிகர் நடிப்பால் உணர்த்தி வந்தது எவ்வாறு என்று மறுவினா எழும். அப்படத்திலேயே நடிப்பு அதனைச் செவ்வனே செய்தது, சில்லு மிகை.

மொழி பற்றிய செய்தி ஒன்று தமிழாய்வார்க்குத் தலையாயது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடித் தமிழ் விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. அவ்வாண்டிலேயே கதிர் இயக்கிய ‘காதலர் தினம்’ வெளிவந்து, இணைய உரையாடல் வழியே முகமறியாதார் காதல் கொள்வதைக் கதையாக்கியது. தூதாக அன்னமும் கிளியும் முகிலும் சென்ற மரபில் கணிப்பொறி தூது சென்றது. தூது நூல்களில் தூது செல்லும் பொருளின் இயல்பைப் புலவன் விரித்துப் பாடுவான். அவ்விரிவே தூதின் உயிர். இப்படத்திலோ உலாவு நிலையத்தின் பேரரங்கு கண்ணை நிறைக்க, தூது சென்ற பொறி அணிகலனாகவே நின்றுவிடுகின்றது. திரைக்குள் உள்ள திரையில் எழுத்து எம்மொழியில், எக்குறியீட்டில், எம்முறைமையின்மேல் தோன்றுகின்றது என்பதை இத்தகைய படங்கள் தோறும் குறித்து வைத்தல் ஆய்வு மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. தமிழ் எழுத்து கணிப்பொறியில் ஏறிய வரலாற்றுக்கு மாநாட்டு அறிக்கைகள் ஒரு சான்று. மக்கள் கண்ட திரைகள் மற்றொரு சான்று. பின்னதை எவரும் தொகுத்திலர்.

‘கற்றது தமிழ்’ (2007) இவ்வேட்டைப் படிப்போர்க்கு நெஞ்சில் தைக்கும் படம். தமிழ் முதுகலை கற்ற பிரபாகர் எதிர்ப்பது கணிப்பொறித் தொழிலால் வந்த ஊதியத்தையே. பொறி அங்கே ஊதிய வேற்றுமையின் குறியீடு. இராம் இயக்கிய இப்படத்தின் கசப்பு நியாயமானதா என்பது வேறு கட்டுரைக்கு உரியது. நம் பொருளுக்கு வேண்டுவது இவ்வளவே: பொறியை ஒரு காட்சியிலும் விளக்காமலே அதன் நிழலை ஒருவன் வாழ்வின்மேல் விழச்செய்தல் கூடும்.

உலகியல் வழக்குக்கு மிக அணுகி வந்தது பி.எஸ். மித்ரன் இயக்கிய ‘இரும்புத்திரை’ (2018) எனக் கருதுகின்றோம். அதன் எதிர்த்தலைவன் செயல்களில் மிகை நிரம்ப உண்டு, பெருந்திரைகளும் உண்டு. ஆயின் படத்தின் முற்பகுதியில் வரும் கொடுமைக்குப் பெரும்பொறி எதுவும் வேண்டியதில்லை. தங்கை மணத்துக்காக வங்கிக் கடன் பெறப் பொய்யாவணம் கொடுக்கின்றான் ஒருவன். கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வருகின்றது. கணக்கில் இருந்த பணம் இல்லை. அங்கே கணிப்பொறி என்பது நாம் கையொப்பமிட்டுக் கொடுத்த படியெடுத்த தாள்களும், எண்ணைக் கேட்கும் தொலைபேசிக் குரலும், நம் சட்டைப்பையில் உள்ள கருவியும் ஆகும். சுந்தரபாண்டியத்து நெசவாளனும் இராசபாளையத்து ஆலைத் தொழிலாளியும் அஞ்சும் கணிப்பொறி இதுவே. விளக்கு மின்னும் பலகையன்று. காண்போர் அக்காட்சியில் தம் கைப்பேசியைத் தொட்டுப் பார்த்திருப்பின் அது தன்மையணியின் வெற்றி.

பட்டியல் வகுக்கத் தொடங்குவார்க்குச் செய்முறை பற்றிச் சில சொல்லலாம். பொறியின் பெயரை மட்டும் எழுதி அமைதல் பயனில. கதைக்காலம், படக்காலம், கருவிக்காலம் மூன்றையும் அருகருகே இடுதல் வேண்டும். பொறி வேறு, அதன்மேல் ஓடும் முறைமை வேறு, திரையிற் காட்டுவதற்கென்றே வரைந்து ஓடவிட்ட படம் வேறு என்பதையும் மறத்தலாகாது. நம் படங்களிற் பின்னதே மிகுதி. அக்காலத்துப் பொறிகளை இயக்கியோர், கணிப்பொறிப் பயிற்சி நிலையம் நடத்தியோர், அரங்கப் பொருள் வாடகைக்கு விட்டோர் ஆகியோரைக் கண்டு கேட்டல் இன்றியமையாதது. உ.வே. சாமிநாதையர் ஏட்டை மட்டும் நம்பாது ஊராரையும் கேட்டறிந்தார். 1986இல் முப்பது அகவையராய் இருந்தோர் இன்று எழுபதை எட்டுகின்றனர்.

2011ஆம் ஆண்டு அரசு வழங்கிய மடிக்கணிப்பொறியிலிருந்தே தொடங்கலாம். அதனுள் இரண்டு இயக்க முறைமைகள் இருந்தன: ஒன்று விண்டோஸ் 7, மற்றொன்று சென்னை சி-டாக் உருவாக்கியதும் தமிழில் இயங்க வல்லதும் ஆகிய பாஸ் லினக்ஸ். பொறியை இயக்கியதும் எது வேண்டும் என்று அது கேட்கும். அதன்பின் வந்த பள்ளிக்கதைப் படங்களிலும் தொடர்களிலும் அப்பொறி தோன்றுமிடமெல்லாம் நிறுத்திக் காண்க. இரண்டனுள் எதன் முகப்பு ஒளிர்கின்றது, எழுத்துத் தமிழா என்பனவற்றைக் குறித்துக் கொள்க.